39 ரன் பாக்கி

98, 97, 75, 91.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காகக் காத்திருந்தபோது, இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி, பக்கத்தில் நின்றிருந்த மூன்று காலேஜ் பையன்களிடம் நீட்டினேன். 'இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.'

'பிளஸ் டூ மார்க்கா சார்? ஒண்ணுல மட்டும் 75 வாங்கிட்டீங்களா?' என்றான் ஒருவன். இரண்டாமவன் கொஞ்சம் கவலையோடு என் முகத்தைப் பார்த்து, 'சுகரா சார்?' என்றான். வயசு அப்படி, என்ன செய்வது. மூன்றாமவன் மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தான். பேப்பரை வாங்கி ஒரு நொடி பார்த்தான். 'இது ஒரு பேட்ஸ்மேனோட ஸ்கோர் சார். ஆனா ஒரு செஞ்சுரிகூட இல்லையே. யாரு அந்த அன்லக்கி ஆளு?'

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் சீட் முக்கியமில்லையா? ஓடிவிட்டேன். அந்தப் பையன் இந்தப் பக்கத்தைப் படிப்பானோ மாட்டானோ, அவனுக்குத் தர வேண்டிய பதிலை உங்களிடம் தந்துவிடுகிறேன்.

அந்த ஆள் பெயர் ஏ.ஜி. கிருபால் சிங். சிங் என்றதும் பஞ்சாப் என்று நினைக்காதீர்கள். 1933ல் சென்னையில் பிறந்தவர். இந்த நான்கு எண்களும் 1954-55 ரஞ்சி டிராபி சீசனில் அவர் அடுத்தடுத்து ஆடிய நான்கு இன்னிங்ஸ். முதல் இரண்டும் வங்காளத்துக்கு எதிரான அரையிறுதி. அடுத்த இரண்டும் ஹோல்கர் அணிக்கு எதிரான ஃபைனல். அந்த ஃபைனலில் ஜெயித்துத்தான் நம்ம ஊர் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையைத் தொட்டது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் பெரியப்பாவால். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். மெட்ராஸிலிருந்து வரும் ரயிலில் யாராவது படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுப் போகும் பேப்பர்தான் அவருக்கு தினசரி. அதிலிருந்து கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்து, பழைய பேரேடு ஒன்றில் பென்சிலால் எழுதி வைப்பார். பற்று, வரவு என்று கோடு போட்டிருக்கும் அதே பேரேடு. இந்தப் பக்கம் நம்ம டீம், அந்தப் பக்கம் எதிர் டீம். பிற்காலத்தில் நான் பி.காம். சேர்ந்தபோது டபுள் என்ட்ரி சுலபமாகப் புரிந்ததற்கு அந்தப் பேரேடுதான் காரணம் என்று பெருமையடித்துக்கொள்வேன். அரியர் வைத்த கதை இங்கே வேண்டாம்.

இப்போது நாமும் அந்த சீசனை ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி திறந்து பார்ப்போம்.

முதலில் அது எந்தக் காலம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1954 ஏப்ரலில்தான் காமராஜர் முதலமைச்சரானார். விழுப்புரம் தனி மாவட்டம் எல்லாம் இல்லை. அது வந்தது 1993ல். அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள். பக்கத்தில் பாண்டிச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில். நம்ம ஊர்க்காரர் பாண்டிக்குப் போக வேண்டுமென்றால் எல்லையில் செக்கிங் உண்டு. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. மொத்தம் 178 பிரதிநிதிகள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அந்த வருஷம் நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான ஸ்கோர் அதுதான். 170க்கு 8.

கிரிக்கெட்டில் பெரிய செய்தி என்று பார்த்தால், இந்திய அணியின் முதல் பாகிஸ்தான் சுற்றுப்பயணம். வினு மன்கட் கேப்டன். ஐந்து டெஸ்ட். ஐந்தும் டிரா. கணக்குப் புத்தகத்தில் ஐந்து பக்கம் எழுதி, கடைசியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று மூடினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு தொடர். ஜெயிப்பதைவிடத் தோற்காமல் இருப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் முக்கியமாக இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பிரிவினை முடிந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

இந்தப் பெரிய செய்திக்கு நடுவே, ஓசைப்படாமல் நடந்துகொண்டிருந்தது ரஞ்சி டிராபி.

அந்த நாளைய ரஞ்சியின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் புரியாது. இப்போது மாதிரி லீக் கிடையாது. 1957-58ல்தான் லீக் முறை வந்தது. அதுவரை நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் ஒரு சீசனில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். 'அந்த சீசனில் கிருபால் சிங் மொத்தம் 636 ரன்' என்று நான் சொல்லும்போது, 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கக் கூடாது.

பிதுக்கினாலும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. பத்து வருஷம் முன்னால் 1944-45 சீசனில், அதே நாக்-அவுட்டில், பம்பாயின் ருஸி மோடி ஐந்தே மேட்சில் 1008 ரன் அடித்துவிட்டார். சராசரி 201.60. அச்சுப் பிழை இல்லை. அந்த எண்ணுக்கு முன்னால் வைத்தால் 636 சின்னதுதான். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் நல்ல ஆடிட்டர் இல்லை. அந்தத் தொகை எப்போது வந்தது, எங்கே செலவானது என்று பார்க்க வேண்டும்.

பாருங்கள். 636ல் ஒரே இன்னிங்ஸில் வந்தது 208, திருவாங்கூர்-கொச்சிக்கு எதிராக. அவருடைய வாழ்நாளில் அதுதான் அதிகபட்ச ஸ்கோர். அரையிறுதியில் 98ம் 97ம், ஆக 195. ஃபைனலில் 75ம் 91ம், ஆக 166. மூன்றையும் கூட்டினால் 569. மீதி 67 ரன்தான் மற்ற ஆட்டங்களில். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ரன் மூன்றே மேட்சில் வந்திருக்கிறது. இதில் இரண்டு, தோற்றால் எல்லாமே போச்சு என்கிற கடைசி இரண்டு மேட்ச். பந்துவீச்சிலும் இதே கதை. சீசன் முழுக்க 13 விக்கெட். அதில் 7 விக்கெட் ஃபைனலில். கடையில் வருஷம் பூரா ஈ ஓட்டிவிட்டு தீபாவளி வாரத்தில் மொத்த வியாபாரத்தையும் முடிக்கிற ஜவுளிக் கடைக்காரர்கள் உண்டே, அந்த ரகம்.

சரி, ஃபைனலுக்கு வருவோம். எதிரி யார் என்று தெரிந்தால்தான் ருசி.

ஹோல்கர் என்பது ஊர் பெயர் இல்லை, இந்தூர் மகாராஜா குடும்பத்தின் பெயர். மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்குக் கிரிக்கெட் பைத்தியம். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, வேலை கொடுத்து, இந்தூரில் உட்கார வைத்துவிடுவார். இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே. நாயுடு ஹோல்கர் ராணுவத்தில் அதிகாரி. 'கர்னல்' என்று அவரை எல்லோரும் அழைத்தது அதனால்தான். முஷ்டாக் அலி, சர்வடே என்று பட்டியல் நீளும். இன்றைக்கு ஐ.பி.எல். முதலாளிகள் ஏலத்தில் எடுப்பதை மகாராஜா ஏலமில்லாமல் செய்தார், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவ வேலையாக இந்தியா வந்திருந்த இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன்கூட ஹோல்கருக்கு ஆடியிருக்கிறார். 1945 ஃபைனலில் பம்பாய்க்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் ஹோல்கருக்குத் தேவை 867 ரன். சிரிக்காதீர்கள், 867தான். அவர்கள் 492 அடித்தார்கள். காம்ப்டன் 249 நாட் அவுட். நூறுக்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் இவ்வளவு பணம் என்று ஒரு வியாபாரி அவரிடம் வாக்குக் கொடுத்ததாகவும், ஆட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் 'அவசர ஜோலியாகக் கல்கத்தா போகிறேன்' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு அந்த மனிதர் கம்பி நீட்டியதாகவும் ஒரு கதை உண்டு. வாராக்கடன் என்ற தலைப்பில் காமர்ஸ் வகுப்பில் சொல்லலாம்.

1944-45 முதல் 1954-55 வரை பதினோரு சீசன். அதில் ஹோல்கர் ஃபைனலுக்கு வராதது ஒரே ஒரு வருஷம். பத்து ஃபைனல், நான்கு கோப்பை. கடைசி ஆறு வருஷமும் இடைவெளியே இல்லாமல் ஃபைனல். நம்ம மெட்ராஸ் அதற்கு முன் இரண்டே முறைதான் ஃபைனல் பார்த்திருந்தது. 1935-36ல் பம்பாயிடமும், 1940-41ல் மகாராஷ்டிராவிடமும் தோல்வி. இப்போது ஆட்டம் நடப்பதும் இந்தூரில். அவர்கள் மண்.

கேப்டன் பாலு அழகண்ணன். பின்னாளில் ரேடியோ வர்ணனையில் இவர் குரலைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மெட்ராஸ் முதலில் 478. ஹோல்கர் 417. மெட்ராஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 311. ஹோல்கருக்குத் தேவை 373. அவர்கள் எடுத்தது 326.

பேரேட்டில் பெரியப்பா கீழே கூட்டிப் போட்டிருக்கிறார். இந்தப் பக்கம் 789, அந்தப் பக்கம் 743, வித்தியாசம் 46. மெட்ராஸ் 46 ரன்னில் வெற்றி. நான் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். டேலி ஆகிறது.

இந்த 46ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் நாம் 61 ரன் முன்னே. இரண்டாவதில் ஹோல்கர் நம்மைவிட 15 ரன் அதிகம். 61ல் 15 போனால் 46. அதாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் ஹோல்கர்தான் நம்மைவிட நன்றாக ஆடியிருக்கிறது. முதல் பாதியில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் ஜெயித்திருக்கிறோம். மொத்த ஆட்டத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து அடித்தது 1532 ரன். அதில் 46 என்பது வெறும் 3 சதவீதம். மளிகைக் கடைக்காரர்கூட இந்த மார்ஜினுக்குத் தலையைச் சொறிவார்.

373 என்ற இலக்கைக் கண்டு ஹோல்கர் பயந்திருக்கவும் காரணமில்லை. அதே மைதானத்தில் அதே பந்துவீச்சை அடித்து முதல் இன்னிங்ஸில் 417 எடுத்தவர்கள் அவர்கள். 1945ல் தோல்வி நிச்சயமான ஆட்டத்திலேயே நான்காவது இன்னிங்ஸில் 492 அடித்துக் காட்டிய அணி.

இந்த 3 சதவீத ஆட்டத்தில் கிருபால் சிங்கின் பங்கு என்ன? மெட்ராஸின் 789ல் அவருடையது 166. நூற்றுக்கு 21. பதினோரு பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 9தான் வரும். இரண்டு பங்குக்கும் மேலே. கூடவே ஆஃப் ஸ்பின் போட்டு 7 விக்கெட். அப்போது அவருக்கு வயது 21. அவர் 166க்கு பதில் அதில் பாதி, 83 அடித்திருந்தால்? மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், 37 ரன்னில் கோப்பை இந்தூரிலேயே தங்கியிருக்கும்.

இப்போது பஸ் ஸ்டாண்ட் பையன் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். செஞ்சுரி ஏன் இல்லை?

98க்கு 2 ரன் குறைவு. 97க்கு 3. 75க்கு 25. 91க்கு 9. மொத்தம் 39. இன்னும் 39 ரன் அவர் அடித்திருந்தால், ரஞ்சி அரையிறுதியிலும் ஃபைனலிலும் நான்கு இன்னிங்ஸிலும் நான்கு சதம் என்று ஆகியிருக்கும். கிரிக்கெட் புத்தகங்களில் ஒவ்வொரு பதிப்பிலும் அந்த வரி வந்துகொண்டே இருந்திருக்கும். டி.வி. குவிஸ்ஸில் கேட்டிருப்பார்கள். மூன்று இன்னிங்ஸுக்கு மட்டும் எடுத்தால் 14 ரன்தான் பாக்கி. மூன்று பவுண்டரி, ஒரு டபுள்.

அந்த 39 ரன் வந்திருந்தால் மெட்ராஸுக்கு என்ன கூடியிருக்கும்? ஒன்றுமில்லை. அரையிறுதி ஜெயித்தாகிவிட்டது. ஃபைனல் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் 1955ல் இந்தூரில் என்ன நடந்தது என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்த 39ம் ஒரு காரணம் என்பது என் கட்சி. நம்முடைய பட்டியல்கள் எல்லாம் நூறில்தான் கதவு திறக்கின்றன. 'சதங்கள்' என்று ஒரு காலம் இருக்கிறது, 'தொண்ணூறுகள்' என்று தனிக் காலம் கிடையாது. நாம் வளர்ந்த விதமும் அப்படி. கல்யாணத்தில் மொய் எழுதும்போது 101 எழுதுவோம். 98 எழுதிப் பாருங்கள், அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது.

சரி, இந்தப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க இருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1934 நவம்பர் 4. சேப்பாக்கம். ரஞ்சி டிராபி என்ற போட்டியின் முதல் ஆட்டம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். இங்கே நம்ம பக்கத்து ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். எம் என்றால் மொரப்பாக்கம். சென்னைக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, செங்கல்பட்டுச் சீமையில் இருக்கிற கிராமம். தொண்ணூறு வருஷமாக நடக்கிற போட்டியின் முதல் பந்தை வீசிய கை, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கத்து மனிதருடையது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர். 1936ல் ஒரே சமயத்தில் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியும் இங்கிலாந்து கிரிக்கெட் டூரும் வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கை எழுத எந்தப் பேரேட்டில் இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த முதல் மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடி 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வெற்றி. மொத்தமே 237 ரன். மைசூரைச் சுருட்டியவர் ஏ.ஜி. ராம் சிங் என்ற இடது கை ஸ்பின்னர். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. ஆக, 35 ரன்னுக்கு 11 விக்கெட். அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்டவர்.

இந்த ராம் சிங்கின் பிள்ளைதான் கிருபால் சிங்.

அப்பா ராம் சிங் ஆடிய அதிகாரபூர்வ டெஸ்ட்களின் எண்ணிக்கையை எழுதுகிறேன்: 0. பந்தும் போடுவார், பேட்டும் பிடிப்பார். அந்தக் காலத்தில் அபூர்வமான ரகம். ஆனாலும் 0. அவர் காலத்தில் இந்தியா ஆடிய டெஸ்ட்களே குறைவு, நடுவில் உலகப் போர் வேறு வந்து பல வருஷங்களை விழுங்கிவிட்டது. அது ஒரு காரணம். தெற்கே இருந்து ஓர் ஆளைத் தேர்வாளர்கள் திரும்பிப் பார்ப்பது அன்றைக்குச் சுலபமில்லை என்பதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ராம் சிங் தன்னுடைய பாக்கியை வேறு விதமாக வசூல் செய்தார். பிள்ளைகளில் இருவர், கிருபாலும் மில்கா சிங்கும், இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். இங்கிலாந்து வந்திருந்த 1961-62 சீசனில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே டெஸ்ட் அணியில்.

கிருபாலுக்கு அந்தக் கதவைத் திறந்தது இந்த 1954-55 சீசன்தான். 1955 நவம்பரில் நியூசிலாந்து வந்தது. ஹைதராபாத்தில் முதல் டெஸ்ட். இந்தியா 4 விக்கெட்டுக்கு 498. உம்ரிகர் 223, டெஸ்ட்டில் ஒரு இந்தியரின் முதல் இரட்டைச் சதம். மஞ்ச்ரேக்கர் 118. அறிமுக ஆட்டக்காரர் கிருபால் சிங், 100 நாட் அவுட்.

ஆமாம், சரியாக 100. ரஞ்சியில் தொண்ணூறுகளில் மூன்று தடவை நின்றுபோன மனிதர், டெஸ்ட்டில் முதல் வாய்ப்பிலேயே, ஒரு ரன் கூடவோ குறையவோ இல்லாமல் நூறு. நோட்டைத் திருப்பி எண்ணிக் கொடுத்த மாதிரி.

அதற்கப்புறம்? 1964 வரை மொத்தம் 14 டெஸ்ட். 422 ரன், சராசரி 28.13. 10 விக்கெட். இரண்டாவது டெஸ்ட் சதம் வரவேயில்லை. ஒன்பது வருஷத்தில் 14 டெஸ்ட் என்றால் எப்படி ஆடியிருப்பார் என்று யோசியுங்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இந்த எண்களை மட்டும் பார்க்கிற இன்றைய பையன் 'சுமாரான பிளேயர்' என்பான். தப்பில்லை. டெஸ்ட் கணக்கில் அவர் சுமார்தான். ஆனால் எந்தக் கணக்கில் அவர் பெரிய ஆளோ, அதை நாம் திறந்து பார்ப்பதேயில்லை.

ஹோல்கர் கணக்கும் அதோடு முடிந்தது. 1948லேயே சமஸ்தானம் இந்தியாவோடு கரைந்துவிட்டது. டீம் மட்டும் மகாராஜா பெயரில் ஏழு வருஷம் ஓடியது. மெட்ராஸிடம் தோற்ற அந்த ஃபைனல்தான் ஹோல்கர் என்ற பெயரில் அவர்கள் ஆடிய கடைசி ஆட்டம். அடுத்த சீசனில் மத்திய பாரத், பிறகு மத்தியப் பிரதேசம். அந்த மத்தியப் பிரதேசம் ரஞ்சிக் கோப்பையை முதன்முதலாக வென்றது 2022ல். கிருபால் 208 அடித்த திருவாங்கூர்-கொச்சியும் 1956 நவம்பரில் கேரளத்துக்குள் போய்விட்டது.

நம்ம கணக்கு? அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த முதல் கோப்பைக்குப் பிறகு 1968ல் ஃபைனலில் பம்பாயிடம் தோல்வி. 1973ல் மறுபடி பம்பாய், சேப்பாக்கத்திலேயே. பந்து சுழன்ற சுழலில் நாம் 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அப்புறம் ஃபைனலே இல்லாத வருஷங்கள். விழுப்புரம் பிளாட்பாரத்தில் பெரியப்பா பேப்பர் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

1987 ஜூலை மாதம் ஒரு நாள். எனக்கு அப்போது பத்து வயசு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'என்ன பெரியப்பா?' என்றேன். 'கிருபால் போய்ட்டார்டா. அம்பத்து மூணு வயசுதான்' என்றார். எனக்கு அந்தப் பெயர் அப்போது தெரியாது. அவர் 1954-55 பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். 98. 97. 75. 91.

அடுத்து வந்த 1987-88 சீசனில் தமிழ்நாடு ஃபைனலுக்குப் போனது. எஸ். வாசுதேவன் கேப்டன். சேப்பாக்கத்தில் ரயில்வே அணிக்கு எதிராக இன்னிங்ஸ் வெற்றி. முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டாவது கோப்பை. சில மாதங்களில் தவறவிட்டுவிட்டார் கிருபால். பெரியப்பாவுக்கு ஒரு சங்கடம். ரயில்வே ஊழியர் இல்லையா? 'டிபார்ட்மென்ட்டு தோத்துடுச்சுடா' என்று சிரித்தார். அதன் பிறகு 1992, 1996, 2003, 2004, 2012, 2015 என்று ஆறு ஃபைனல். ஆறிலும் தோல்வி. ஆக, இதுவரை 12 ஃபைனல், 2 கோப்பை.

பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒன்று 1989 ஜனவரி. பனாஜியில் கோவாவுக்கு எதிராக தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912, டிக்ளேர். டபிள்யூ.வி. ராமன் 313. அந்த சீசனில்தான் ராமன் 1018 ரன் எடுத்து, நாற்பத்து நான்கு வருஷமாக இருந்த ருஸி மோடியின் 1008ஐத் தாண்டினார். அதே இன்னிங்ஸில் இன்னொரு முச்சதமும் உண்டு. ஒரே இன்னிங்ஸில் இரண்டு பேர் முந்நூறு அடித்தது ரஞ்சியில் அதுதான் முதல் தடவை. மறுபடி நடந்தது 2024 நவம்பரில், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக. அடித்தது யார் தெரியுமா? இதே கோவா. அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை.

பனாஜியின் அந்த இரண்டாவது முச்சதத்தைப் பெரியப்பா பென்சிலால் எழுதவில்லை. சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், நாற்பது வருஷப் பேரேட்டில் அந்த ஒரு வரியை மட்டும்.

அர்ஜன் கிருபால் சிங், நாட் அவுட், 302.